பைப் முசியேவின் நாக்கு

பாண்டிச்சேரியில் பைப் முசியே ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் நாக்கு என்று ஒன்று கிடையாது. இது என் கருத்தில்லை, அவருடையது. குருசுக்குப்பத்தில் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, எதிர்வீட்டுக்காரர் என்ற உரிமையில் கூப்பிடாமலே வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "இந்த மாடு நேத்து அழுதிருக்குது தம்பி" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அது பாக்கெட் பால் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய் அவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஞானஸ்நானப் பெயர் ஏதோ நீளமாக உண்டு. அது தபால்காரருக்குக்கூட மறந்துவிட்டது. பற்ற வைத்தாலும் வைக்காவிட்டாலும் வாயில் பைப் இருக்கும்; அதனால் பைப் முசியே, அதாவது பைப் ஐயா. கல்யாண வீட்டுச் சாம்பாரை ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, அண்டாவில் வடக்குப் பக்கம் அடிப்பிடித்திருக்கிறது என்று சொல்லி, சமையல்காரரைப் பின்வாசல் வழியாக ஓட வைத்தவர். தலையை ஒருமுறை ஆட்டினால் பொருள் தேறிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் மேலே ஒரு பட்டம் உண்டு: 'பா மால்'. பிரெஞ்சில் பரவாயில்லை என்று பொருளாம். கல்யாணமான புதிதில் தான் வைத்த மீன் குழம்புக்கு அதைச் சொன்னார், அதற்கப்புறம் உலகத்தில் எதற்கும் சொல்லவில்லை என்று அவர் மனைவி மதாம் பெருமையாகச் சொல்வார்.

இத்தனை அதிகாரம் படைத்த மனிதரை மதாம் தெருவில் உட்கார வைத்திருந்தார்.

காரணம் ஒரு நீல டப்பா. தினமும் சாயங்காலம் இருவரும் 'பெலோத்' என்ற பிரெஞ்சுச் சீட்டாட்டம் ஆடுவார்கள். கையில் சீட்டு வந்தால் முசியேவுக்கு வாயில் புகை வரவேண்டும். மதாமுக்குப் பிடித்த புகையோ ஒன்றே ஒன்றுதான், மருமகன் பிரான்சிலிருந்து கொண்டுவரும் அந்த நீல டப்பாப் புகையிலை. திடீரென்று கம்பெனிக்காரர்கள் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். வேறு எதைப் பற்ற வைத்தாலும் மதாமுக்கு இருமல், தலைவலி. அந்த வாசனை இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே என்று சொல்லிவிட்டார். பைப்பை விட்டுவிடலாமே என்று ஒருநாள் முசியேவிடம் கேட்டேன். எதிரிப் படைக்கு ஓடிப்போனவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஆகவே, அவர் வீட்டுப் பச்சை ஜன்னலுக்குக் கீழே ஒரு இரும்பு நாற்காலி. சாயங்காலம் முழுக்க அதில் அவர். உள்ளே மதாம் தனியாகச் செல்போனில் சீட்டாடிக்கொண்டிருப்பார். "போனு அவள ஏமாத்துது தம்பி. அது அவளுக்குத் தெரியல" என்று ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குப் புகையிலை நாற்றமே ஆகாது. அவர் விடும் புகை நேராக எங்கள் மாடிக்கு வரும். ஆனாலும் அன்று சண்டை போட மனம் வரவில்லை.

நீல டப்பாவுக்கு மாற்றுச் செய்து தருகிறேன் என்று கிளம்பியவர் சேகர். தவளக்குப்பத்தில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர். வெற்றிலையோடு மெல்லும் பன்னீர்ப் புகையிலையை அவர் கைப்படக் கலந்தால், கடலூரிலிருந்து ஆள் வரும். முதல் கலவைக்கு உலர்ந்த திராட்சையை ரம்மில் ஊறப்போட்டார்.

சோதனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முசியே இலையை விரலில் உருட்டுவார், காதருகே வைத்துக் கேட்பார். பைப்பில் அடைத்து, தீக்குச்சி கிழித்து, கண்ணை மூடுவார். தெருவில் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். மீன் விற்கும் அம்மா கூடையோடு நின்றுவிடுவார். சேகர் மூச்சே விடமாட்டார். கடைசியில் முசியேவின் தலை ஒருமுறை ஆடியது. சேகர் சிரிக்க வாயைத் திறந்தார். படாரென்று பச்சை ஜன்னல் சாத்தப்பட்டது.

இரண்டாவது கலவையில் பன்னீரும் ஏலக்காயும். இதற்கும் தலை ஆடியது. உள்ளேயிருந்து மதாமின் குரல் வந்தது.

"யாரு வூட்ல சாவு? மால வாசன அடிக்குது. அத எடுத்துக்கினு உள்ள வராதிங்க."

படார்.

மூன்றாவது, காப்பிக்கொட்டை. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. முசியே குடையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். எண்பது வயதுக்காரரின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. குடை ஆடியதா தலை ஆடியதா என்று நாங்கள் குழம்புவதற்குள் ஜன்னல் சாத்தியாயிற்று. மாடியில் காயப் போட்டிருந்த என் சட்டையெல்லாம் கருகிய காப்பி நாற்றம். எனக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கிப் போனேன்.

"முசியே, உங்க நாக்குக்கு நல்லா இருந்து இன்னா பிரயோஜனம்? நீங்க வுட்ட பொகைய மோந்து பாக்குறது நாங்க. உங்களுக்குத் தெரியுற ருசி எங்களுக்கு வர்றதே இல்ல."

அந்த நாக்கால் பிரயோஜனமில்லை என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. குடையை மடக்கினார். மழையில் அப்படியே நின்று என்னையே பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் சேகர் வந்தார். வாய்க்குள் போட்டு மெல்லுகிறவர்களுக்கே கலந்து பழகியதால், தானும் நாக்கையே நம்பிவிட்டதாகச் சொன்னார். நீல டப்பாவின் வாசனை எப்படி இருந்தது என்று கேட்டார். யோசித்தேன். என்னை ரொம்ப நாள் எரிச்சல்படுத்திய வாசனை, மறக்குமா? தீபாவளிக்கு அதிரசம் சுடுகிற வீட்டு வாசலைத் தாண்டும்போது வருவது மாதிரி என்றேன். அதன்பின் அந்த வாரம் முழுக்க, புகையே ஆகாத நான் தெருவின் இந்தக் கோடியில் நின்று மோந்து பார்க்க, அந்தக் கோடியில் சேகர் பனைவெல்லமும் வெனிலாவும் மாற்றி மாற்றிக் கலந்து ஊதினார். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான்காம் சோதனை. தூறல். முசியே என் பக்கம் திரும்பவே இல்லை. பற்ற வைத்தார். முதல் இழுப்பிலேயே முகம் கோணியது. இரண்டாவது இழுப்பில் மூக்கு சுருங்கியது. அவர் நாக்குக்கு அது எவ்வளவு மட்டம் என்று சின்னக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "நோன்" என்று பிரெஞ்சில் மறுக்க உதடு குவிந்தது. சேகர் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்.

ஜன்னல் கதவு அசைந்தது. நான் படாருக்குக் காதைத் தயாராக வைத்தேன்.

சாத்தவில்லை. மூடியிருந்த இன்னொரு கதவும் திறந்துகொண்டது. மதாமின் கை கம்பியைப் பிடித்திருந்தது.

"மழைல இன்னா பண்றிங்க? சீட்ட கலைச்சி வச்சிட்டேன். உள்ள வாங்க."

முசியே ஜன்னலைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். குவிந்த உதடு அப்படியே நின்றது.

"எப்பிடி இருக்கு முசியே?" என்றார் சேகர், பயந்துகொண்டே.

முசியே பைப்பைத் திரும்ப வாயில் வைத்து, ஜன்னலுக்குக் கேட்கும்படி நன்றாக இழுத்தார்.

"பா மால்" என்றார்.

குடையையும் நாற்காலியையும் மறந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நாற்காலியை எடுக்க வந்தவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். காதருகே குனிந்து, "வெல்லம் போட்ட வைக்கோல் தம்பி அது. அவகிட்ட சொல்லிடாத" என்றார். இன்றுவரை தினமும் அந்த வைக்கோலைத்தான் இழுக்கிறார். தினமும் ஆட்டத்தில் தோற்கிறார். மதாம் ஏமாற்றுவதாக உள்ளேயிருந்து அவர் போடும் சத்தம் எங்கள் மாடிவரை கேட்கிறது.

ஜன்னலுக்குக் கீழே இப்போது யாரும் இல்லை. சாயங்காலமானால் வழக்கப்படி என் மனைவி எங்கள் ஜன்னல்களைச் சாத்த வருகிறாள். எதிர்வீட்டைப் பார்த்த ஒன்றை மட்டும் திறந்தே விடச் சொல்கிறேன்.