ஒத்தவாசலும் சந்தனக் கிண்ணமும்

உலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரை முன்பக்கம் பார்ப்பார்கள். அதைப் பின்பக்கமாக மட்டுமே பார்த்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ஒத்தவாசல்தான்.

அருள்புரத்தில் குழந்தைகளுக்கான பனியன் உடைகளை ஏற்றுமதி செய்த கம்பெனி அது. நான் அங்கே வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அவர் துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுகிறவர். இருந்ததோ கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று. அதன் முதுகில் பிரிண்டர் மாட்டுகிற போர்ட்டும் ஒன்றுதான். இன்னொரு கம்ப்யூட்டர் என்றாலே முதலாளிக்குக் காது அடைத்துவிடும்.

அதனால் ஒத்தவாசல் எல்லாவற்றையும் ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோத்துவிட்டார். முதலில் தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு. அது மாட்டியிருந்தால்தான் பேட்டர்ன் சாஃப்ட்வேர் திறக்கும். அதன் பின்னால் ஸ்கேனர். அதற்கும் பின்னால் திருகு வைத்த ஒரு பெட்டி. இடப்பக்கம் திருகினால் பிரிண்டர், வலப்பக்கம் திருகினால் பேட்டர்ன் வரையும் பிளாட்டர்.

"ஒத்த வாசல்தானுங்க. வரிசையா வந்தா எல்லாரும் போலாமுங்க" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டியது.

ஒருநாள் மேனேஜர் திருகைப் பார்க்காமல் பேக்கிங் லிஸ்டை பிரிண்ட் கொடுத்துவிட்டார். பிளாட்டர் ஆளுயரத் தாளில் கிறுக்கித் தள்ளியது. திருநெல்வேலிக்காரரான கட்டிங் மாஸ்டர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "யாருவே இந்தச் சட்டையப் போடப்போறது? கையும் இல்ல, கழுத்தும் இல்ல!" என்று அலறினார். அன்றிலிருந்து ஜட்டி எலாஸ்டிக்கால் திருகு கட்டப்பட்டது. முதலாளியே ஆனாலும் ஒத்தவாசலைக் கேட்டுத்தான் ஒரு தாள் எடுக்க முடியும். அது முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒத்தவாசலைத் தவிர.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு நேராக அந்த மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க, இப்படி மொத்தமாக் கட்டிப்போட்டா முருகன் எதுக்குன்னு அருள் குடுப்பாரு? தனித்தனியாத்தான் பொட்டு வெக்கோணும்."

சொன்னவர் தன் கையாலேயே எல்லாவற்றையும் பிடுங்கி வரிசையாக வைத்தார். பூட்டின் பக்கம் சந்தன விரல் போனதும் ஒத்தவாசல் பதறிவிட்டார்.

"மொதலாளி, வாயில வெக்காதீங்க! நெத்தியில வெய்ங்க!"

"இத்தனூண்டு பொட்டிக்கு நெத்தி ஏதுங்க?" என்று சிரித்தபடி முதலாளி கம்பிப் பின்கள் இருக்கும் வாய்ப்பக்கமே அப்பிவிட்டார். மேலே குங்குமம் வேறு.

பூஜை முடிந்து மாட்டினால் சாஃப்ட்வேர் திறக்க மறுத்தது. பூட்டை விற்ற கடை எப்போதோ மூடப்பட்டிருந்தது. வரைய வேண்டிய பேட்டர்ன் குவிந்து கிடந்தது. கப்பலோ யாருக்காகவும் காத்திருக்காது. முதலாளி வந்து நின்று, "நீங்கதானே முடிச்சுப் போட்டீங்க? நாளைக்குள்ள பேட்டர்ன் வரலீன்னா இங்க உங்களுக்கு வேலையில்லீங்க" என்றார். சந்தனம் அப்பிய விரலை நீட்டித்தான் சொன்னார்.

ஒத்தவாசல் பனியன் வேஸ்ட் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஓவர்லாக் தையல் மெஷின் ஊசியால் ஒவ்வொரு பின்னாகச் சுரண்டினார். குழந்தைக்குக் காது குடைவதுபோல ஊதி ஊதிப் பார்த்தார். சாயங்காலம் சாஃப்ட்வேர் திறந்தது. பேட்டர்ன் வந்தது, சரக்கும் கப்பல் ஏறியது.

முதலாளிக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஒரு கம்பெனியே இந்த மனிதரின் வால் கோவையில் தொங்குகிறதே என்ற பயம். இத்தனை காலம் வாங்காத புதுக் கம்ப்யூட்டர், பூட்டே கேட்காத புது சாஃப்ட்வேரோடு அடுத்த வாரமே வந்து இறங்கியது. ஒத்தவாசல் ஆசையாக அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். தடவியும் பார்த்தார். அந்தப் போர்ட்டே இல்லை.

"வாசலே இல்லீங்களே கண்ணு" என்றார் என்னிடம்.

பக்கத்தில் நின்ற முதலாளி, "நீங்களும் ரொம்ப உழைச்சுட்டீங்க. நாளையிலிருந்து ஊட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். எங்கள் ஊரில் வேலையை விட்டு விரட்டுவதும் 'ங்க' போட்டுத்தான்.

அவர் போகும்போது பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் மாட்டி, திருகில் எலாஸ்டிக்கைக் கட்டிவிட்டுத்தான் போனார். மறுநாளே அது காயலான் கடைக்குப் போனது.

இப்போது என் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு வயரே பெரிதாகக் கிடையாது. ஆனாலும் ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு யார் வந்தாலும், "வாயில வெக்காதீங்க, நெத்தியில வெய்ங்க" என்கிறேன். சொல்லும்போது என் குரல் அவர் குரலாகிவிடுகிறது. அந்த ஒரு நொடிக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன்.