தூளியில் விழுந்த இறால்

…நாலு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறாளாம்! அதைப் போய்ப் பெருமையாகச் சொல்கிறாயே அஞ்சலை, உன் மருமகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் அப்படி ஒரு கெட்டிக்காரியாக இருந்தவள்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க ஒருநாள் ஊரே ஏரிக்கரையில் வந்து நின்றது. (பல்லு போன பொறவுதான் இத்த என் வாயால சொல்ல தைரியம் வந்துச்சு, போ.)

நான் கடலோரத்துக் குப்பத்தில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். கடலுக்கு முறை கிடையாது. அலை வழி விட்டால் தினம் தினம் கட்டுமரம் போகும், மீன் வரும். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தால் பாடு என்று ஒரு ஏற்பாடு! ஏரியில் மீன் விழுகிற இடத்தில் இன்றைக்கு ஒரு வீடு வலை போடுமாம், நாளைக்கு அடுத்த வீடாம். நம்முடைய பாடு வரும்வரை ஓடத்தைக் கட்டிப்போட்டுவிட்டுக் கிடக்க வேண்டுமாம். (நீ இங்கியே பொறந்தவ, ஒனக்கு இது சோறு துன்ற மாதிரி. எனக்கு?)

பாடு இல்லாத நாளில் என் வீட்டுக்காரர், அதான் உங்கள் அண்ணன், பூவரச நிழலில் மல்லாந்து படுத்துவிடுவார். அந்தக் குறட்டையைக் கேட்டாலே எனக்குக் கை அரிக்கும். இதில் கோட்டைப் பக்கம் மீன் விற்கப் போய் அங்கே இருந்த ஒல்லாந்து வெள்ளைக்காரர்களை வேறு பார்த்துத் தொலைத்தேன். மணி அடித்தால் எழுகிறான், மணி அடித்தால் மூட்டை தூக்குகிறான், மணி அடித்தால் தின்கிறான். அடடா, இதல்லவா பிழைப்பு என்று வாயைப் பிளந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். (அவனுங்களுக்கு மொகத்துல சிரிப்பே இல்லியேன்னு அப்போ எனக்குத் தோணல.)

மறுநாள் பாடு இல்லை. பூவரசங் கிளையில் கட்டிய தூளியில் என் மகள் செங்கேணி சிணுங்குகிறாள். பாயில் காய்கிற கருவாட்டைக் காக்கை தூக்குகிறது. உள்ளே குத்தாத நெல் கிடக்கிறது. எனக்கு இருப்பது இரண்டு கை. எதிரே பார்த்தால் எங்கள் ஓடம் தண்ணீரில் சும்மா குதித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு ஆட்டம், எல்லாம் வீண்!

மூளை மின்னியது. ஓடத்தைக் கரையில் நட்ட தறியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அந்த முனையைத் தூளியில் கட்டினேன். தூளியிலிருந்து இன்னொரு கயிறு, கருவாட்டுக்கு மேலே தொங்கவிட்ட கொட்டாங்கச்சிகளுக்கு. ஓடம் ஆடியது, தூளி ஆடியது, கொட்டாங்கச்சி கடகடவென்று அடித்தது, காக்கை பறந்தது, நெல் குத்த எனக்குக் கையும் கிடைத்தது. ஓடம் ஒன்று, வேலை மூன்று!

உங்கள் அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். "இன்னாமே பண்ற? பாடு இல்லாத நாள்ல ஓடம் உள்ள போனா நம்ம அடுத்த பாட்டையே புடுங்கிடுவாங்க. அப்புறம் சட்டியில ஒன் கொட்டாங்கச்சியத்தான் வேவிக்கணும்."

"யோவ், கட்டித்தான கீது? நீ தூங்கு!"

கட்டித்தான் இருந்தது, எதில் என்பதுதான் கேள்வி. எங்கள் குப்பத்தில் கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டுவிடுவோம், அது எங்கே போகும்? மிதக்கிற ஓடத்தைக் கட்டிப் பழகாதவள் நான். பெருமையோடு உள்ளே போய் உலக்கையைப் பிடித்தேன்.

மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. வெளியே படாரென்று சத்தம். ஓடிவந்து பார்க்கிறேன், ஓடம் ஏரிக்குள்ளே போகிறது, மரக்கிளையோடு தூளி பின்னாலேயே போகிறது, தூளிக்குப் பின்னால் கொட்டாங்கச்சிகள் வரிசையாகப் போகின்றன, சாமி ஊர்வலம் மாதிரி. (பதறாத அஞ்சலை, புள்ள அதுல இல்ல. சத்தத்துல தூக்கம் வராம அவரு எப்பவோ அவள தூக்கினு போயிட்டாரு. எனக்கு மட்டுந்தான் அது தெரியாது.)

"ஐயோ செங்கேணி!" என்று கத்தியபடி தண்ணீரில் பாய்ந்தேன். நல்லவேளை, நம் ஏரி இடுப்பளவு. சேற்றில் விழுந்து எழுந்து, அன்றைக்குப் பாடு முறை வந்த ஏகாம்பரம் வீட்டார் வளைத்துக் கட்டியிருந்த வலையைத் தாண்டி, அதற்கு நடுவே தூளியைப் பிடித்துப் பிரித்தேன். உள்ளே இரண்டு கை இறால், ஒரு நண்டு. ஒரு மடவை மீன் எகிறிக் கன்னத்தில் அறைந்தது.

கரையிலிருந்து உங்கள் அண்ணன் குரல் வந்தது. "இன்னாத்துக்குமே தண்ணியில நிக்கிற?" தோளில் செங்கேணி, ஒரு பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் ஊர். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. (அதுகூட ஒரே நேரத்துல ரெண்டு வேல.)

ஆனால் ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அன்றைக்கே ஊர்த்தலைவர் நாட்டார் முன்னால் கூட்டம்.

"எங்க பாட்டு நாள்ல வல போட்டுட்டாங்க நாட்டாரே. இவங்க அடுத்த பாட்ட எங்களுக்குக் குடுக்கணும்."

"அது வல இல்ல, தூளி!" என்றேன்.

"உள்ள மீனு உழுந்துச்சா இல்லியா?"

"உழுந்துச்சு…"

"அப்போ வலதான்."

உங்கள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பாடு போனால் அடுத்த முறை வரும்வரை வீட்டில் என்ன இருக்கிறது? நாட்டார் என்னைக் கேட்டார்: "ஓடத்த எதுக்கும்மா தொட்ட?"

"சும்மா கெடந்துச்சு நாட்டாரே. பாக்க சகிக்கல."

முதலில் சிரித்தது ஏகாம்பரத்தின் பெண்சாதி. "இவளுக்குப் பாட்ட புடுங்கினா வலிக்காது நாட்டாரே, இன்னொரு வேல கண்டுபுடிச்சிக்குவா. சும்மா உக்கார வையுங்க, அப்பத் தெரியும்!"

அதுவே தீர்ப்பு. இறால் அவர்களுக்கு, பாடு எங்களுக்கே. அடுத்த ஓய்வு நாளில் விடிந்ததிலிருந்து உச்சிவரை நான் ஊர் பார்க்கக் கரையில் உட்கார வேண்டும், கையை மடியில் வைத்துக்கொண்டு. என் வேலையெல்லாம் உங்கள் அண்ணன் செய்வார்.

ஐயோ, அந்தக் காலைப்பொழுது! முதலில் பாயிலிருந்து கோரையைப் பிய்த்தேன். ஏகாம்பரம் பெண்சாதி "கை! கை!" என்று அதட்டினாள். அவர் நெல் குத்துகிற அழகைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். போகப் போகக் கை தானாக அடங்கியது. செய்ய ஒன்றுமில்லாத வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது:

ஓடம் இழுக்குது தூளி,
ஒறங்குது உள்ள இறாலு,
புள்ள சிரிக்குது தோளுல,
பெத்தவ நிக்கிறா ஏரில!

காவலுக்கு நின்றவளே இரண்டாம் தடவை என்னோடு சேர்ந்து பாடினாள். உச்சி வந்ததும் "எழுந்திரு" என்றார்கள், நான் எழவில்லை! இன்றைக்கு இந்த ஊரில் அந்தத் தாலாட்டுக்குத் தூங்காத பிள்ளை உண்டா சொல்? செங்கேணி பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், இன்னும் ஊருக்கு அவள் 'இறாலு'தான். நம் வீட்டில் எவளாவது இரண்டு குடத்தை ஒன்றாகத் தூக்கினால் போதும், "தூளியக் கட்டிட்டியா?" என்று கேட்டுக் கொல்லுவார்கள்.

அதனால உன் மருமககிட்ட போய்ச் சொல்லு… ஐய, தூறல் போடுது பாரு! வெறகெல்லாம் வெளியில கெடக்குது. இந்தா, இந்தக் கொள்ளுப்பேத்திய நீ மடியில வச்சிக்க. ரெண்டையும் ஒண்ணா தூக்க மாட்டேன், ஊரு பாக்குது.