ஏஜென்ட்டின் தாடை பூட்டிக்கொண்ட கதை

ஏஜென்ட் அன்று காலை ஒரு வீர முடிவெடுத்தார். இனிமேல் வாயைத் திறப்பதில்லை.

இன்ஷூரன்ஸ் விற்றுப் பிழைக்கிறவருக்கு வாய்தான் முதல், வாய்தான் கடை, வாய்தான் கல்லா. ஆனாலும் வேறு வழியில்லை. அக்கா வீட்டில் மராமத்து வேலை. இரண்டு மாதம் தம்பி வீட்டில் தங்கப்போவதாக அறிவித்துவிட்டாள், நாய்கள் சகிதம். இங்கே இருப்பதோ இரண்டே அறை.

"வேண்டாம்னு நீங்கதான் சொல்லணும். உங்க அக்கா. இன்னிக்கே சொல்லணும்" என்று மனைவி கெடு வைத்துவிட்டாள். அக்காவிடம் வேண்டாம் என்று சொன்னவர் அந்தக் குடும்பத்தில் யாருமில்லை. அக்காவின் கணவர் அத்திம்பேர் மட்டும் ஒரு தடவை முயன்று பார்த்தாராம். அதற்கப்புறம் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

என்ன வியாதி வரவழைத்துக்கொள்வது? நெஞ்சு வலி என்றால் ஊசி குத்துவார்கள். முதுகு வலி என்றால் படம் எடுப்பார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் தாடையைப் பிடித்தார். பல் டாக்டர் பல்லோடு சரி, எலும்பு டாக்டர் கை காலோடு சரி. தாடை, எந்த டாக்டருக்கும் பட்டா கொடுக்காத புறம்போக்கு நிலம். இது அவர் கணக்கு.

மனைவியும் டாக்டர்தான். ஆஸ்பத்திரியில் அவள் அறை வாசலில் 'வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர்' என்று பலகையே தொங்குகிறது. ஏஜென்ட் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு, "என் பொண்டாட்டி பல் புடுங்கறா" என்று ஊரெல்லாம் சொல்லி வந்தார். விபத்தில் நொறுங்கிய கன்னத்தைத் தகடு வைத்துச் சேர்த்த கதையை அவள் சாப்பாட்டு மேஜையில் சொல்வாள். "கூட வேலை பாக்கற டாக்டருங்களே, இதெல்லாம் உங்க வேலையான்னு கேக்கறாங்க" என்று பொருமுவாள். அவர் செல்போனைப் பார்த்தபடி "ம்" கொட்டுவார்.

இடது கன்னத்தை அணைத்துத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, சமையலறை வாசலில் போய் நின்றார்.

"என்னங்க இது வேஷம்?"

"ம்ம்ம்!" உதட்டருகே சாவி திருகுவதுபோல் காட்டினார்.

"வாய் பூட்டிக்கிச்சா? எந்தப் பக்கம் வலிக்குது?"

இடப்பக்கத்தைத் தொட்டார்.

"முடிஞ்சவரைக்கும் திறங்க."

ஒரு விரல் நுழையுமளவு திறந்தார். பரிதாபம் கூடட்டுமே என்று தாடையை வலப்பக்கம் கோணலாக இழுத்து வேறு காட்டினார்.

அவள் காதுக்கு முன்னால் விரல் வைத்து அழுத்திப் பார்த்தாள். "அடப் பாவமே! நீங்க பேசவே கூடாது. உங்க அக்காகிட்ட நானே சொல்லிடறேன்."

ஏஜென்ட்டுக்கு உச்சி குளிர்ந்தது. அவள் போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணி, நான்தான். அவருக்கு வாய் பூட்டிக்கிச்சு. அதான் அவர் சொல்லச் சொன்னதை நான் சொல்றேன். நீங்க வந்தா வீட்டுல நிம்மதியே போயிடும்னார்."

ஏஜென்ட் இரண்டு கையையும் ஆட்டினார்.

"நாய்ங்களைக்கூட சகிச்சுக்கலாமாம். உங்களைத்தான் முடியாதாம்."

தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

"பக்கத்துலதான் இருக்கார் அண்ணி. தலையாட்டறார் பாருங்க. அப்புறம், சின்ன வயசுல நீங்க தூங்கறப்ப உங்க ஜடையை எலி கடிச்சுதே? அது எலி இல்லையாம். கத்தரிக்கோலாம். இவர்தானாம்."

"பொய்க்கா! சத்தியமா எலிதாங்கா!"

துண்டு அவிழ்ந்து விழுந்தது. வாய் குகை மாதிரித் திறந்தது. அவள் சாவகாசமாக மூன்று விரலை அடுக்கி உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"மூணு விரலும் தாராளமா போகுது. அருமையான தாடை."

அவர் போனைப் பிடுங்கினார். திரை இருட்டாக இருந்தது. அக்காவும் இல்லை, ஒருவரும் இல்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இடப்பக்க மூட்டு பூட்டிக்கிட்டா தாடை இடப்பக்கம்தான் சாயும். நீங்க வலப்பக்கம் இழுத்தீங்க. பல் புடுங்கறவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுதுன்னு நெனச்சீங்க, இல்ல?"

சொல்லிக்கொண்டே போனை வாங்கி, இந்த முறை நிஜமாகவே எண்ணை அழுத்தி அவர் கையில் திணித்தாள். "வாய்தான் திறந்தாச்சே. பேசுங்க."

"சொல்லுடா தம்பி!" அக்காவின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "நாளைக்கே கிளம்பி வந்துடட்டுமா?"

ஏஜென்ட் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மூடினார். மறுபடி திறந்தார். அதே காற்று. கெஞ்சுகிற கண்களோடு மனைவியைப் பார்த்தார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இதுக்கு எங்க டிபார்ட்மென்ட்ல வைத்தியம் இல்லைங்க."