எருமையை ஒழித்த உத்தரவு

எருமையை நிறுத்திவிட்டார்கள். ஊர் பூராவும் குழாய் வறண்டது.

எருமை என்றால் மாடு இல்லை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று முடிவு செய்யும் மென்பொருள். அதன் திருநாமம், ஒருங்கிணைந்த நகர்ப்புற நீர்ப்பகிர்வு மேலாண்மைத் தொலைநோக்குத் திட்டம். தட்டத் தட்டத்தான் நகரும் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது எருமை. கணினி மேல் 'எருமை' என்று சீட்டே ஒட்டியிருந்தார்கள்.

புது இயக்குநர் சீட்டைப் பார்த்தார். அன்றே உத்தரவு: "எருமை என ஒன்று இவ்வலுவலகத்தில் இனி இருத்தல் கூடாது."

ஆபரேட்டர் பணிவானவர். சுவிட்சை அணைத்தார்.

என் மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த நாள். குழந்தைத் துணி மலைபோல் கிடந்தது. காலிக் குடத்தோடு அலுவலகத்துக்குப் போய் ஆபரேட்டர் முன் நின்றேன்.

"தம்பி, தண்ணி வரல."

"எருமையை ஒழிச்சாச்சுங்க ஐயா."

"அப்போ அந்த நீளப் பேருக்காரன்?"

"அது நல்லா ஓடுது. ஃபைல்ல ஒரு குறையும் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானேய்யா?"

"அப்படிச் சொல்லக் கூடாதுன்னுதான் உத்தரவு."

"சரி, சுவிட்சைப் போடு."

"எதுக்குப் போடறது? ஓடறதைத் திரும்ப ஓட்ட முடியாது. இல்லாததையும் ஓட்ட முடியாது. என் வேலை போயிடும் ஐயா."

இயக்குநரிடம் போனேன். வாயில் நுழையாத பெயர்தான் கோளாறு என்று கண்டறிந்தார். அதிகாரபூர்வச் செல்லப்பெயர்த் தேர்வுக் குழு அமைந்தது. பொதுமக்களும் பெயர் எழுதித் தரலாம்.

வரிசை தெரு வரை நின்றது. குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினோம். நான் மூன்று பெயர் கொடுத்தேன். இரண்டாவது நல்ல பெயர். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

குழு 'மழைமகள்' என்று முடிவு செய்தது. விழா வைத்தார்கள். குடத்தில் தாளம் தட்டினோம். தண்ணீர் மட்டும் வரவில்லை.

இயக்குநர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் செல்போன் அடித்தது. வீட்டம்மா. மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஊருக்கே கேட்டது.

"என்னங்க, தலையில சோப்போட நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா எருமை எருமைன்னுதானே புலம்புவீங்க? அந்த எருமையை யாராவது எழுப்பித் தொலைங்களேன்."

இயக்குநர் ஆபரேட்டரைப் பார்த்தார்.

"போடுய்யா."

"எதைங்க சார்?"

"எருமையைத்தான்யா."

மகளிடம் துணியை ஊறவைக்கச் சொல்லி ஆளனுப்பினேன்.

இப்போது அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. குழுவினர் பெயரெல்லாம் அதில் உண்டு. சுவிட்சை மறந்து வரிசையில் நின்று பெயர் யோசித்த எங்களுக்கு நன்றியும் உண்டு. தண்ணீரைக் கொண்டுவந்தவர் இயக்குநரின் மனைவி, தலையில் சோப்போடு நின்றவர்; அவர் பெயர் மட்டும் அதில் இல்லை.