சென்றி அண்ணை காத்த ஒழுங்கை

டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் ஒருவரையும் நம்பாத மனிதர் யார் என்று போட்டி வைத்தால், சென்றி அண்ணைக்குத்தான் முதற்பரிசு. அதையும் உடனே வாங்கமாட்டார். கொடுக்கிற ஆளை மேலும் கீழும் பார்த்து, "உது ஏன் எனக்குத் தாறியள்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "என்னத்துக்கு?" என்பார். முகாமுக்கு வரும் பாதையில் காலை முதல் இருட்டும்வரை காவற்காரன் மாதிரி நின்றதால் சென்றி என்று பெயர் வைத்தோம். யாரோ தானமாகக் கொடுத்த ஒரு நீளக் கோட்டும், பெண்கள் போடும் மயிர்த்தொப்பியும்தான் அவருடைய சீருடை.

எண்பதுகளின் நடுப்பகுதி. வந்திறங்கும் அகதிகளை எங்கே வைப்பதென்று டென்மார்க் திணறிக்கொண்டிருந்த காலம். சிலருக்கு ஹோட்டல் கிடைத்தது, சிலருக்குக் கப்பல் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் ஏரிக்கரையோரம் ஒரு கரவன் முகாம். கோடையில் சுற்றுலாக்காரர்கள் தங்கிப்போகும் சக்கர வீடுகளில் குளிர்காலத்துக்கு எங்களைக் குடிவைத்தார்கள். ஒருவர் தும்மினால் நாலு பேரின் தேநீர் தளும்பும்.

பெரிய ரோட்டிலிருந்து முகாமுக்கு ஒரே ஒரு பாதை. நாங்கள் அதை ஒழுங்கை என்றுதான் சொன்னோம். ஒரு பக்கம் நெருக்கமாக ஊசியிலை மரங்கள். மறுபக்கம் புல் மூடிய வாய்க்கால், அதற்கப்பால் ஒரு கமக்காரரின் பீட்ரூட் வயல். ஒரு வாகனம் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போகவேண்டும். நடுவில் ஒரு வளைவு இருந்ததால், மூக்கோடு மூக்கு முட்டும்வரை ஒருவரை ஒருவர் தெரியாது.

இந்தப் பாதை முகாமுக்கும் கமக்காரருக்கும் பொது. அவர் பெயர் பௌல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்கள் ஊர்த் தலைமைக்காரரைப்போல் ஊரே தனது பொறுப்பு என்று நடந்ததால், எங்களுக்கு அவர் விதானையார். அவரும் சந்தேகத்தில் சளைத்தவரல்ல. எங்கள் ஆட்கள் ஒழுங்கையின் நடுவால் கதைத்துக்கொண்டு நடப்பதை, மாட்டுக்கொட்டிலின் வாசலில் நின்று கண் வெட்டாமல் பார்ப்பார். இந்தப் பக்கம் நின்று சென்றி அண்ணை அவரைப் பார்ப்பார்.

போகும்போது விதானையார் "ஹை" என்பார். திரும்பி வரும்போதும் "ஹை" என்பார். டேனிஷ்காரர் எல்லாரும் அப்படித்தான். சென்றி அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"வரேக்கையும் ஹை, போகேக்கையும் ஹை. வாறானோ போறானோ எண்டு சொல்லாத ஆளை எப்பிடித் தம்பி நம்புறது?"

ஒருநாள் காலை விதானையார் வீட்டு முற்றத்துக் கம்பத்தில் கொடி ஏறியது. சென்றி அண்ணை ஒவ்வொரு கரவனாகத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். "எழும்புங்கோ! கொடி ஏத்திப்போட்டான். ஆருக்கோ சிக்னல் குடுக்கிறான்!" நாங்களும் வந்த புதிது. குழந்தைகளுக்குச் சப்பாத்தைப் போட்டு, பைகளைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் கூடிவிட்டோம். முகாமின் பொறுப்பாளர் பிர்கிட் என்ற இளம்பெண். சைக்கிளில் வந்தவள் எங்கள் கோலத்தைக் கண்டு பயந்துபோனாள். விசாரித்தபின் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அன்றைக்கு விதானையாரின் மனைவிக்குப் பிறந்தநாள் என்றாள். இந்த நாட்டில் பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றுவது வழக்கமாம்.

"பெண்சாதியின்ர பிறந்தநாளுக்குத் தேசியக் கொடியோ?" என்றார் சென்றி அண்ணை. "இதை நீங்கள் நம்புறியள்?"

கூத்து இத்தோடு நின்றிருந்தால் நல்லது. ஒழுங்கைச் சண்டை முற்றிவிட்டது. எங்களுக்குப் பாண் கொண்டுவரும் வானும் விதானையாரிடம் பால் எடுக்க வரும் பவுசர் லொறியும் வளைவில் சந்தித்து, இரண்டு சாரதிகளும் பின்னால் போகமாட்டேன் என்று எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேப்பர் வாசித்தார்கள். இன்னொரு நாள், வகுப்புக்குப் போகும் எங்கள் மினிபஸ்ஸால் அவருடைய மாடுகள் மழையில் நின்றன. விதானையார் நேரே பிர்கிட்டிடம் வந்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் பாதையில் தன் பங்குக்குக் கேற் போட்டுப் பூட்டிவிடுவேன் என்றார். பூட்டினால் முகாமை மூடவேண்டும், எங்களை ஆளுக்கொரு மூலையாக அனுப்பவேண்டும் என்று பிர்கிட் எங்களுக்குச் சொன்னாள். அப்போதுதான் ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தோம். அன்றிரவு ஒரு கரவனிலும் சிரிப்புச் சத்தம் இல்லை.

அடுத்த கிழமை விதானையார் நுனியில் சிவப்பு பூசிய தடிகளை ட்ராக்டரில் கொண்டுவந்து, வாய்க்காலின் ஒழுங்கைப் பக்கக் கரையில் வரிசையாக ஊன்றினார். சென்றி அண்ணையின் கண்கள் சுருங்கின.

"பாத்தியோ? எல்லைக்கட்டை. இண்டைக்குத் தடி, நாளைக்குக் கம்பி, பிறகு கேற். யாழ்ப்பாணத்தில வேலியை அரக்கி அடுத்தவன்ர காணியைப் பிடிச்சவங்களை நான் எத்தினை பேரைப் பாத்தனான்!"

"அண்ணை, சும்மா இருங்கோ. உள்ளதையும் கெடுத்துப்போடாதேங்கோ" என்றேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. காலையில் உலாத்தப் போவார். தடிக்குப் பக்கத்தில் சப்பாத்து நாடா அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டி எழும்பும்போது தடி வயல் பக்கமாக ஒரு சாண் தள்ளி நிற்கும். டென்மார்க்கில் அவரைப்போல நாடா அவிழ்ந்த மனிதர் இருக்கமுடியாது. சாண் சாணாகப் போய் வாய்க்காலின் விளிம்பு வந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "வாய்க்காலிலயும் எங்களுக்குப் பங்கிருக்கு" என்று தடிகள் அத்தனையையும் மறுகரையில் ஊன்றிவிட்டார்.

பிறகு பனி கொட்டியது.

விடிந்து பார்த்தால் ஒழுங்கை, வாய்க்கால், வயல் எல்லாம் ஒரே வெள்ளைப் பாய். அன்றைக்குத்தான் எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பொலிசில் அகதி விசாரணை. இந்த நாட்டில் இருக்கலாமா, திரும்பவேண்டுமா என்பது அதிலேதான் தெரியும். மினிபஸ் எங்களை ஏற்றிக்கொண்டு முகாம் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. ட்ராக்டரின் முன்னால் பனி தள்ளும் தகட்டைப் பூட்டிக்கொண்டு விதானையார் ஒழுங்கையால் வந்தார். தன்னுடைய தடிகளை நம்பி வந்தார். எங்கள் கண் முன்னாலேயே ட்ராக்டர் மெல்லச் சரிந்து, ஒரு பக்கத்து இரண்டு சில்லும் வாய்க்காலுக்குள் இறங்கி, களைத்த மாடு மாதிரிப் படுத்துவிட்டது.

பாதை அடைபட்டது. எல்லாரும் ஓடினோம்.

விதானையார் மறுபக்கக் கதவால் ஏறிக் குதித்தார். அடி ஒன்றுமில்லை. ட்ராக்டரைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். வரிசை முழுவதையும் பார்த்தார். முகம் பீட்ரூட் நிறமானது. யார் செய்தது என்று டேனிஷில் கேட்டார். மொழி தெரியாதவர்களுக்கும் கேள்வி விளங்கியது. எங்களில் பாதிப்பேர் வானத்தைப் பார்த்தோம், மீதிப்பேர் சப்பாத்தைப் பார்த்தோம். கேற்றைப் பூட்டியாயிற்று என்றே நினைத்தேன்.

மயிர்த்தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சென்றி அண்ணை முன்னால் வந்தார்.

"நான்தான். சொல்லு தம்பி. இது பொது ஒழுங்கை எண்டதையும், தடி போட முதல் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கவேணும் எண்டதையும் சேர்த்துச் சொல்லு."

நான் ஆங்கிலத்தில் பிர்கிட்டுக்குச் சொல்லவேண்டும், அவள் டேனிஷில் விதானையாருக்குச் சொல்லவேண்டும். "அவர்தான் செய்தார், மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

சென்றி அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் இவ்வளவு சொன்னனான். நீ ரெண்டு சொல்லோட நிப்பாட்டிப்போட்டாய். மிச்சம் எங்கை?"

அதற்குள் விதானையார் ஏன் என்று கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன். சென்றி அண்ணை தொப்பியை உருட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கட ஒழுங்கையால ஆமி வந்த அண்டைக்கு, வெளியில நிண்டு பாக்க ஒருத்தரும் இருக்கேல்லை. எல்லாரும் உள்ளுக்குச் சோறு தின்னுகொண்டிருந்தம். என்ர தம்பியும் இருந்தவன். ஒடுங்கின ஒழுங்கை. ஓட இடமில்லை." காலடியில் கிடந்த பாதையைக் காட்டினார். "இது இன்னும் ஒடுங்கக்கூடாது எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

இந்த முறை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பிர்கிட் அதை டேனிஷில் சொல்வதற்குக் கனநேரம் எடுத்தாள்.

விதானையார் ஒரு தடியைப் பிடுங்கி வந்து வாய்க்காலின் மேலிருந்த பனியில் குத்தினார். தடி நுனிவரை உள்ளே போனது. வானத்தைக் காட்டினார், பனியைக் காட்டினார், ட்ராக்டரைக் காட்டினார். பனி மூடினால் பள்ளம் எங்கே என்று தெரிவதற்கான தடி அது. அவருக்கு மட்டுமல்ல, எங்கள் மினிபஸ்ஸுக்கும்தான்.

சென்றி அண்ணை தடியை வாங்கினார். அந்த இடத்தில் குத்தினார். அங்கே பள்ளம். விதானையார் காட்டாத இடங்களிலும் போய்க் குத்தினார். அங்கேயும் பள்ளம்.

"ஓம்" என்றார். "மனிசன் உண்மைதான் சொல்லுறான்."

அவர் வாயால் இன்னொருவரைப் பற்றி நாங்கள் கேட்ட முதல் நற்சான்று அது.

பிறகு ஆள் மாறி ஆள் மண்வெட்டி பிடித்தோம். சில்லுக்கடியில் பலகை கொடுத்தோம். பெரிய ரோட்டில் காத்து நின்ற பால் பவுசரைப் பின்பக்கமாக ஒழுங்கைக்குள் எடுப்பித்து, அதில் கயிற்றைக் கட்டி, நாங்கள் பக்கத்தால் தள்ளி, ஐலசா போட்டோம். விதானையாரும் அர்த்தம் தெரியாமல் ஐலசா என்று கத்தினார். ட்ராக்டர் எழும்பியது. நாங்கள் மூவரும் முழங்கால்வரை சேற்றோடு விசாரணைக்குப் போனோம். வெகுநேரம் பிந்திவிட்டது. ஆனால் எங்களை விசாரிக்கவேண்டிய அதிகாரியும் பனியில் மாட்டி, எங்களுக்குப் பிறகுதான் வந்தார்.

கேற் வரவில்லை. மறுநாள் இருவரும் சேர்ந்து தடிகளைத் திரும்ப ஊன்றினார்கள். ஆளுக்கொரு முனையில் கயிறு பிடித்தார்கள். ஒருவர் முனையை மற்றவர் போய்ச் சரிபார்த்தார். அதோடு விதானையார் ஒரு சிவப்புத் துணியைக் கொண்டுவந்து, சென்றி அண்ணையின் தோளைப் பிடித்து வளைவில் நிறுத்தினார். அங்கே நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். அன்று முதல் அவர் துணியைக் காட்டினால் பவுசர் நிற்கும், மினிபஸ் போகும். மூக்கு முட்டிய கதை ஒழிந்தது. பாண்காரனைத்தான் பாவம், தினமும் நிறுத்தி வானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டே விட்டார்.

வசந்தத்தில் எங்களுக்கு அனுமதி வரத் தொடங்கியது. அவருக்கு இக்காஸ்ட்டில் துணி ஆலையில் வேலை கிடைக்க இருந்தது. துணியில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அவருக்கென்றே யாரோ உண்டாக்கியது போலிருந்தது. எனக்கு ஹோர்சன்ஸ். அவருக்கு முன்னால் நான் புறப்பட்டேன்.

வளைவில் மினிபஸ்ஸை நிறுத்தினார். சாரதியின் முகத்தை ஆராய்ந்தார். சில்லுகளைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"போய்ச் சேர்ந்தவுடன போன் எடு. எடுக்காட்டி ஏதோ நடந்துபோச்செண்டு சந்தேகப்படுவன்."

எடுத்தேன். அதற்குப் பிறகு எங்கே பயணம் போனாலும் எடுத்தேன். ஒரு முறை நான் மறந்துபோக, இக்காஸ்ட்டிலிருந்து ரயில் ஏறி, ஹோர்சன்ஸில் என் வீட்டு மணியை அடித்து, உள்ளே வராமல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, இருக்கிறாய்" என்று சொல்லித் திரும்பிப் போன மனிதர் அவர்.

இப்போது அவர் இல்லை. நான் வீடு வந்து சேர்ந்தேனா என்று சந்தேகப்பட ஒருவரும் இல்லை.