சம்பந்தி அவர்களுக்கு, வாசல் புல் விஷயமாக

ஆரணி,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. முத்துவேல் அவர்கள் சமூகத்துக்கு, பன்னீர்செல்வம் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் லீலாவும் ஹேமலதாவும் நலம். சம்பந்தி அம்மாளின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை ரஞ்சித்குமார் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் புல் மட்டும் சுகமாக இல்லை. சரியாகச் சொன்னால், புல்லே இல்லை. போனில் சொல்லலாமென்றால் லீலா பக்கத்தில் நின்று கையாலும் கண்ணாலும் எனக்குப் பாடம் நடத்துவாள், நான் உளறிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அன்று தாங்கள் பெண் பார்க்க வந்து, பஜ்ஜி காபி முடிந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று எங்கள் வயிற்றில் பாலை வார்த்து, படியிறங்கிச் செருப்பு மாட்டும்போது வாசலைப் பார்த்து, "இந்த எடத்துல பச்சப்புல்லா ஒரு லான் போட்டா ஜோரா இருக்கும் சார்" என்றீர்கள். தங்கள் கார் தெருமுனை திரும்பவில்லை, லீலா பிடித்துக்கொண்டாள். "அவரு வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதாங்க. நகை கேக்கல, வண்டி கேக்கல. இத்தக்கூட செய்யலன்னா நம்ம பொண்ண அங்க யாருங்க மதிப்பாங்க?" எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் கேட்டால் அதில் வெல்லத்தைக் கரைத்துக் கொடுக்கிற ஊர் இது. நிச்சயதார்த்தத்தையே அந்தப் புல்லின் மேல் வைத்துக்கொள்ளலாம் என்று தங்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். தாங்களும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பதில் போட்டீர்கள். அதற்குப் பிறகு யார் யோசிப்பார்கள்?

ஓசூர்ப் பக்கமிருந்து லாரியில் புல் வந்து இறங்கியது. சதீஷ் என்கிற கான்ட்ராக்டர் அதைப் பாய் விரிப்பதுபோல் விரித்துவிட்டு, வேர் பிடிக்கிறவரை யாரும் மிதிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசலை மிதிக்காமல் வீட்டுக்குள் எப்படிப் போவது? பக்கத்துச் சந்தில் நுழைந்து, தறிக்கூடத்து ஜன்னலோரக் கதவு வழியாகக் குனிந்து குனிந்து போய்வந்தோம். கோலம் போட இடமில்லை. வெள்ளிக்கிழமையாயிற்றே என்று லீலா மனசு கேட்காமல் புல்லின் மேலேயே சாணி தெளித்து, மாவை இழுத்துப் பார்த்தாள். கோலம் விழவில்லை, எறும்பு வந்தது. அதோடு எதிர்வீட்டுத் தணிகாசலம். எங்கள் தெருவில் காலை வேளையில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அவர் பாவின் ஒரு முனை என் வாசலில்தான் கட்டுவது வழக்கம், அவர் அப்பா காலத்திலிருந்து. "இன்னா செய்யறது பன்னீரு, உன் புல்லுக்காக என் பாவ வளைச்சா கட்ட முடியும்?" என்று கேட்டுவிட்டு நடுப்புல்லில் முளை அடித்துவிட்டார். சொட்டின கஞ்சியெல்லாம் புல்லில் காய்ந்து, மொரமொரவென்று கல்யாண வேட்டி மாதிரி நின்றது. மிதித்தால் சத்தம் கேட்டது. பட்டுத் தொழில் செய்கிறவன் பாவு பேச்சில் சண்டை போட முடியாது, சம்பந்தி.

இதைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் ஊர் வாய் இருக்கிறதே! எங்கள் பக்கத்தில் வாசலில் புல் முளைத்தால் அது ஆள் புழங்காத வீடு, நொடித்துப்போன வீடு என்று அர்த்தம். இதை நான் மறந்தே போனேன். தெருப் பெண்கள் லீலாவிடம் வந்து குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள். சேலை எடுக்க வழக்கமாக வருகிற கடைக்காரர் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வீட்டுக்கு அழகு செய்யப்போய் மானம் கப்பலேறியது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

இந்தச் செய்தி களம்பூர்வரை போயிருக்கிறது. அங்கே லீலாவின் தம்பி குமரேசன் நெல் பயிரிடுகிறான். பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டு, அக்கா வீடு கஷ்டத்தில் இருக்கிறதென்று நம்பி, ஒரு மூட்டை அரிசியோடு திங்கட்கிழமை வந்து இறங்கினான். நாங்கள் நிச்சயத்துக்குப் பூவும் வெற்றிலையும் சொல்லிவர மார்க்கெட் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் ஒரு புல் இல்லை. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, களைக்கொத்தும் கையுமாக, வேர்த்து வழிய நிற்கிறான். பிடுங்கின புல்லைத் தணிகாசலத்தின் மாடு தின்றுகொண்டிருக்கிறது. கஞ்சி போட்ட புல் அதற்கு ரொம்பப் பிடித்துவிட்டது போலும், தலையே நிமிரவில்லை.

"டேய், இன்னாடா பண்ண!" என்று லீலா தலையில் கை வைத்தாள்.

"சும்மா இரு அக்கா. சம்பந்தி வூட்டுக்காரங்க வந்தா இந்த வூட்ல கூட்டிப் பெருக்க ஆளில்லன்னு பேச மாட்டாங்க? ஹேமா கல்யாணத்துக்கு என்னால ஆனது. வேரோட எடுத்துட்டேன் மாமா, இனிமே ஜென்மத்துக்கும் மொளைக்காது" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். லீலாவிடம் அவனுக்கு மோர் கொண்டுவரச் சொன்னேன். சாணி போட்டு மெழுகி, நெல் காயவைக்கிற களம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான். ஆகவே சம்பந்தி அவர்களே, தங்கள் வார்த்தையை நாங்கள் தட்டவில்லை. தலைமேல் வைத்துத்தான் செய்தோம். மாடு தின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு நிச்சயத்தை ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளத் தாங்கள் பெரிய மனசு பண்ண வேண்டும். இந்தக் கோபத்தை என் மகள் மேல் காட்டிவிடாதீர்கள். ஒரே பெண், சம்பந்தி.

சம்பந்தி அம்மாளுக்கு லீலாவின் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. இரண்டு வீட்டுக் குலதெய்வமும் ஒன்றுகூடிப் பிள்ளைகளைக் காக்கட்டும்.

தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
பன்னீர்செல்வம்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சதீஷ் போன் செய்தார். இன்னொரு லோடு புல் கிடைக்குமா என்று நேற்றுக் கேட்டு வைத்திருந்தேன். "உங்களுக்கும் பொண்ணு பாக்க வந்தவங்கதான் சொன்னாங்களா சார்? போன மாசம் போளூர்ல ஒரு வூட்டுக்கு இப்படித்தான் போட்டேன். மெட்ராஸ்லருந்து முத்துவேல்னு ஒருத்தர் வந்து, செருப்பு மாட்டச்சொல்லோ சொன்னாராம்" என்றார். மாப்பிள்ளைக்கு அங்கேயும் பெண் பேசி வைத்திருக்கிறீர்களோ என்று பயந்து ஹேமலதாவிடம் சொன்னேன். ஹேமலதா உடனே மாப்பிள்ளையிடம் பேசினாள். பேசி முடித்தவள் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவங்கப்பாவுக்கு எந்த வூட்டுக்குப் போனாலும் கெளம்பச்சொல்லோ எதனா ஒண்ணு சொல்லியாவணுமாம்பா. மெசேஜெல்லாம் படிக்கவே மாட்டாராம், எல்லாத்துக்கும் கட்டவெரல்தானாம். அவங்க இருக்கறது மூணாவது மாடி. ஒரு தொட்டிச் செடிகூடக் கெடையாதாம்." ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். மண்டபம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வாருங்கள், லீலா வாசல் நிறையக் கோலம் போட்டு வைப்பாள். திரும்பிப் போகும்போது மட்டும் எதையும் நிமிர்ந்து பார்க்காமல் காரில் ஏறிவிடுங்கள். அதற்கு முன் போளூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சம்பந்தி. தங்கள் பதில் வரும் என்று அவர் இன்னும் தினமும் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாராம்.