தொட்டி வரி

1934 ஜூலை 11, புதன்

அன்புள்ள தம்பி கிருபானந்தத்துக்கு, அக்கா டோரதி எழுதுவது. கர்த்தர் தயவில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; சித்தூரில் நீயும் உன் வீட்டாரும் அவ்வண்ணமே இருக்கட்டும்.

தொட்டி என்றால் என்ன? தாலுகா ஆபீசில் இருபது வருஷம் வரி வசூலித்த உனக்குத் தெரிந்திருக்கலாம். மதராசில் பி.ஏ. படித்து, பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகி, போன வருஷம் பஞ்சாயத்து போர்டில் ஒரே பெண் மெம்பராகவும் ஆன எனக்குத் தெரியவில்லை.

இங்கே வரி கூரைக்குத்தான். குடிசைக்கு ஒரு கூரை. ரத்தினசாமியின் தோல் பதனிடும் டேனரிக்கும் ஒரே கூரை. தோல் ஊறுகிற அறுபது தொட்டிகளும் வெட்டவெளியில் கிடப்பதால் அவற்றுக்கு வரி கிடையாது. இதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. அதிலும் போர்டில் பணமில்லை, மருத்துவச்சி சவுரியம்மாளை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்ததும், குடிசை வரியைப் பாதியாகக் குறைத்து "ஊரிலுள்ள தொட்டி ஒவ்வொன்றுக்கும் வரி" என்று நானே தீர்மானம் எழுதிக்கொண்டு போனேன். போர்டு மெம்பரான ரத்தினசாமியே எழுந்து, "டீச்சரம்மா சொல்றது நியாயந்தானே, இதுல இன்னா இருக்குது" என்றார். மனிதர்கள் திருந்துகிறார்கள் என்று அன்று உனக்கு எழுதினேன் அல்லவா, அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

பில் கலெக்டர் வேதாசலம் டேனரிக்குப் போனால், மேஸ்திரி கவுஸ் பாஷா சிரிக்கிறார். "இங்க தொட்டி ஏது சாமி? சுண்ணாம்புக் குழி, பட்டைக் குழி. எல்லாம் குழிதான்." அவர் பொய் சொல்லவில்லை. தோலில் கை வைக்கிறவர்கள் எல்லாரும் குழி என்றுதான் சொல்கிறார்கள். தொட்டி நான் புத்தகத்தில் படித்தது. வேதாசலமோ கடமை தவறாதவர், அங்கே கிடைக்கவில்லை என்றதும் ஊரெல்லாம் தேடி, கொல்லர் பட்டறைத் தொட்டி, குளிக்கிற தொட்டி, மாட்டுத் தொட்டி எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் கொடுத்து, கடைசியில் நம் கோயில் ஞானஸ்நானத் தொட்டிக்கும் ஒன்று ஒட்டிவிட்டுப் போய்விட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து, சிறுபிள்ளைகளுக்கு வரி கம்மி உண்டா என்று போதகர் என்னிடம் கேட்டார். அவர் சிரிக்காமல் கேட்டதுதான் பேஜார்.

ஜனங்கள் யாரும் கட்டவில்லை. பணம் வராததால் போன மாதக் கடைசியில் சவுரியம்மாளை நிறுத்தினார்கள். அவர் ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் அமிர்தவள்ளிக்கு இது நிறைமாதம். முன்பு இரண்டு பெற்று இரண்டும் தங்கவில்லை. அவளிடம் இருப்பது ஒரு எருமை, அதற்கு ஒரு கல் தொட்டி. நோட்டீசை எடுத்துக்கொண்டு நிற்கமுடியாமல் வந்து நின்றாள். "குடிசைக்குக் கொறைச்சீங்க, எருமை தண்ணி குடிக்கிறதுக்குப் போட்டுட்டீங்களேம்மா. அது அவ்ளோ ஜாஸ்தி குடிக்காது." அவளே பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வரி கெடக்குது. சவுரியம்மா இருந்தா இந்தப் புள்ளயாவது தங்கும். நீங்க எழுதினா வருவாங்களா?"

வருவார். நாளைப் பதினொரு மணிக் கூட்டத்துக்குத் தீர்மானத்தைத் திருத்திவிட்டேன்: தொட்டி என்பதை அடித்து, குழி என்று எழுதினேன். நகல் மெம்பர்கள் எல்லாருக்கும் போயாயிற்று. நிறைவேறியதும் ஜோலார்பேட்டைக்குத் தந்தி கொடுப்பேன். ஒரு மாதமாக இல்லாத நிம்மதி இன்றைக்கு இருக்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளைக் கர்த்தர் கண்மணிபோல் காப்பாராக.

உன் அக்கா,
டோரதி

பின்குறிப்பு: இதை நேற்றே தபாலில் சேர்க்கவில்லை. இன்று வியாழன். விடியும்போது அமிர்தவள்ளிக்கு வலி கண்டது. பதினொரு மணிக்குத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ரத்தினசாமி மறுபடியும் ஆதரித்தார். உடனே தந்தி கொடுத்தேன். சவுரியம்மாள் மூன்று மணி ரயிலில் வந்து தாயைக் காப்பாற்றினார். பிள்ளை நண்பகலிலேயே போய்விட்டது. ஆண்பிள்ளை. நகல் முன்னமே ரத்தினசாமியின் கைக்குப் போயிருந்ததால், டேனரியில் ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் கிணறு என்று பலகை நட்டிருந்தார்கள். வேதாசலம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு, சாயங்காலம் நாங்கள் பிள்ளையை அடக்கம் செய்துகொண்டிருந்த இடுகாட்டுக்கு வந்தார். இன்று அவர் கண்ட ஒரே குழி அதுதான். இரண்டு முழம்கூட இருக்காது. வெகுநேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு வரி நோட்டை எடுத்து எழுதினார். தீர்மானத்தில் நான் விலக்கு எதுவும் சேர்த்திருக்கவில்லை.